கண்ணாடிக் கடலும் அழையா விருந்தும்

திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் சற்றே உள்வாங்க, நீருக்குள் மறைந்து கிடக்கும் பாறைகள் பாசி போர்த்த முதுகுடன் வெளிப்படுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். நீராட வந்தோர் அவற்றின்மீது ஏறி நின்று வியப்பர். சிறுவர் பாறைக்குழிகளிற் கைவிட்டுச் சிப்பியும் நண்டும் தேடுவர். முன்னாளில் அச்சிறுவர் எடுத்த பொருள் மாலைக்குள் மறக்கப்பட்டு மணலிலேயே கிடக்கும். இந்நாளிலோ கடலையே வீட்டிற்குக் கொணரும் வழக்கம் தோன்றியுள்ளது. கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, விளக்கும் நீரைச் சுழற்றும் பொறியும் அமைத்து, பாறையும் மென்பவளமும் இட்டு, வண்ணமீன் வளர்ப்போர் பெருநகரங்களில் மட்டுமன்றி நம் பக்கத்துச் சிற்றூர்களிலும் காணப்படுகின்றனர். இவ்வழக்கத்தைப் பழிப்பது என் கருத்தன்று. அத்தொட்டிக்குள் அழையாமலே வந்து சேரும் ஒரு சிற்றுயிரை யாது செய்தல் வேண்டும் என்னும் ஒரு வினாவை நம் இதழ் வாயிலாக மாணவர் முன்னும் ஆசிரியர் முன்னும் வைக்க விரும்புகின்றேன். வினா சிறியது, ஆயினும் அதன் விடை வீட்டுக் கூடத்தோடு நில்லாமல் கடல்வரை செல்கின்றது.

என் தமையனாரின் மகன், கல்லூரியில் முதலாண்டு பயில்பவன், சென்ற ஆண்டு தன் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளமுள்ள தொட்டியொன்றை அமைத்தான். வீடோ கடற்கரைக்கு மிக அண்மையிலுள்ளது. இரவில் ஊர் அடங்கியபின் அலையோசையும் தொட்டியின் நீரோசையும் ஒருங்கே கேட்கும். தொலைவிலுள்ள வணிகர் ஒருவரிடம் பாறைத்துண்டுகள் சில வாங்கினான். வெறுங்கல்லை இட்டால் தொட்டி பதப்பட நாட்செல்லும் என்றும், உயிர் படிந்த கல்லாயின் விரைவில் பயன் தரும் என்றும் அவ்வணிகர் கூறினராம். எக்கடலிலிருந்து எடுத்த கல் என்று வினவியபோது, அயல்நாட்டுச் சரக்கு என்பதற்கு மேல் அவர் விடை பகரவில்லை.

இரண்டு திங்கள் கழிந்தன. ஒருநாள் நள்ளிரவில் கைவிளக்கைக் கொண்டு தொட்டியைப் பார்த்தவன், கண்ணாடியின் உட்புறத்தில் விரல்நகத்தினும் சிறியனவாய்ச் சாம்பல்நிற நட்சத்திர மீன்கள் ஏழெட்டு ஊர்ந்து செல்வதைக் கண்டான். அடுத்த வாரம் எண்ணியபோது இருபதுக்கு மேல் இருந்தன. அவன் விலைக்கு வாங்காதவை, விரும்பி அழைக்காதவை, கல்லின் துளைகளிலே ஒளிந்து வந்தவை.

அவ்வளவில் வீட்டில் மூன்று கட்சிகள் எழுந்தன. வணிகரைத் தொலைபேசியில் கேட்டபோது, அவை பவளத்தைத் தின்பன, கண்டவுடன் கொல்லுக என்றார். பிள்ளையாண்டானோ, நட்சத்திர மீனையே உணவாகக் கொள்ளும் இறால் ஒன்று உண்டென்றும், அதனை வாங்கி விட்டால் தன் கை நனையாமலே காரியம் முடியுமென்றும் கூறினான். எங்கள் ஆச்சி இரண்டையும் மறுத்தார்கள். "எய்யா, அதுவும் ஓர் உயிர்தானே? கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. ஒரு செம்பில் எடுத்துக்கொண்டு போய் விட்டுவிடு, புண்ணியமுண்டு" என்றார்கள். என்னை நடுவராக வைத்தனர். இம்மூன்று கட்சிகளையும் ஆராய்ந்து நான் கொண்ட முடிவே இக்கட்டுரை.

முதற்கண் அவ்வுயிரின் இயல்பை அறிதல் வேண்டும். நட்சத்திர மீன் என்பது மீனன்று. முட்தோலிகள் என்னும் தொகுதியைச் சார்ந்தது. கடல் முள்ளெலிக்கும் கடல் அட்டைக்கும் உறவினம். அதற்கு மூளையில்லை; குருதியுமில்லை. கடல்நீரையே உடலினுள் ஏற்று, குழாய்களின் வழியே செலுத்தி, கைகளின் அடிப்புறத்திலுள்ள நூற்றுக்கணக்கான சிறு குழாய்க்கால்களால் நடக்கின்றது. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒளியை உணரும் ஒரு புள்ளி உண்டு. உண்ணும் முறையோ மிக விந்தையானது: இரையை வயிற்றுக்குள் இடுவதற்கு மாறாக, வயிற்றையே வாய்வழி வெளியே நீட்டி இரையின்மீது பரப்பிச் செரித்துக்கொள்ளும்.

தொட்டிகளில் ஒளிந்து வரும் சிறு வகையை வளர்ப்போர் பொதுவாக ஆஸ்டிரினா என்பர். கைகள் குறுகி, இடையிடையே தோல் விரிந்து, ஏறக்குறைய ஐங்கோண வில்லைபோல் இருக்கும். ஆயினும் ஐந்து கைகளும் ஒத்த அளவில் அமைதல் அரிது. இரண்டு நீண்டு மூன்று குறுகியிருக்கும். ஆறு, ஏழு கைகள் உடையனவும் உண்டு. இதன் காரணம் யாதெனின், இவை தம் உடலைத் தாமே இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் இழந்த கைகளை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் தன்மையன. ஆணும் பெண்ணும் கூடவேண்டுவதில்லை. ஒன்றே இரண்டாகி, இரண்டே நான்காகும். ஆதலின் கத்தியால் வெட்டி எறிதல் பயன்படாது. அது சில வேளை எண்ணிக்கையைப் பெருக்கவும் கூடும். லிங்கியா என்னும் பெருவகையில் அறுந்து விழுந்த ஒரு கையிலிருந்தே முழு உடலும் வளர்வதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

ஆஸ்டிரினா என்னும் அப்பெயரும் முற்றும் பொருந்துவதன்று. வளர்ப்போர் அவ்வாறு அழைப்பவற்றிற் பல அக்குயிலோனாஸ்ட்ரா என்னும் வேறு இனத்தைச் சார்ந்தவை. ஆஸ்திரேலியாவில் ஓலாக்லின், ரோ என்னும் அறிஞர் இருவர் அவ்வினத்தை மறு ஆய்வு செய்து 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், அதுகாறும் பெயரிடப்படாத பல வகைகளைப் பிரித்துக் காட்டினர். ஒரே பெயரால் நாம் அழைக்கும் கூட்டத்தில் உணவும் பழக்கமும் வேறுபட்ட பல வகைகள் கலந்துள்ளன என்பது இதனாற் பெறப்படும்.

இனி, கண்டவுடன் கொல்லுக என்னும் கட்சியை நோக்குவோம். இவற்றுட் பெரும்பாலன கண்ணாடியிலும் கல்லிலும் படியும் மெல்லிய பாசிப்படலத்தையும் அழுக்கையும் உண்டு வாழ்வன. இளஞ்சிவப்பாய்க் கல்லைப் போர்த்தும் சுண்ணப்பாசியில் இவை வயிற்றைப் பரப்பி உண்ட இடம் வெண்புள்ளியாய்த் தெரியும். சில வகைகள் மட்டும் பொத்தான்போல் மலரும் மென்பவளங்களைக் கடிப்பனவாக ஐயுறப்படுகின்றன. ஆகவே ஐயத்தினால் அனைத்தையும் கொல்லாது, விளக்கணைத்த பின்னர்ச் சில இரவுகள் பார்த்திருந்து, எது எங்கே தங்குகின்றது என்று குறித்தலே முறை. நாங்கள் அவ்வாறே ஒரு குறிப்பேடு வைத்தோம். ஒரு மென்பவளக் கொத்து வாடியிருந்தது. அதன்மீது நட்சத்திர மீன்கள் மொய்த்திருந்தன. குற்றவாளி அகப்பட்டான் என்று பிள்ளை மகிழ்ந்தான். ஆனால் குறிப்பேட்டைப் புரட்டியபோது, கொத்து வாடியது முன்னும் அவை வந்தது பின்னும் என்று விளங்கியது. நீர் ஆவியாகி உப்புச் செறிவு மிகுந்ததே வாட்டத்தின் காரணம். அவை அழுகியதை உண்ண வந்தவை. மற்றொரு கொத்திலோ நிலைமை வேறு: நன்றாய் மலர்ந்திருந்த பவளத்தின்மீது இரண்டு மீன்கள் இரவுதோறும் அமர்ந்தன, அமர்ந்த இடம் சுருங்கியது. அவ்விரண்டையும் அகற்றினோம். ஒரே தொட்டியில் குற்றமுள்ளதும் குற்றமற்றதும் இருந்தன. பார்த்திராவிடின் இரண்டுக்கும் ஒரே தண்டனை விதித்திருப்போம்.

கண்ணாடித் தொட்டிக்கு வெளியேயும் இப்பாடம் பொருந்தும். நம் மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கடலிலும் முத்துச்சிப்பிப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மன், ஹார்னெல் முதலியோர் நட்சத்திர மீன்களைச் சிப்பியின் பகைகளுள் வைத்து எண்ணினர். முத்துக் குளிப்பவன் கண்ணுக்கு அது பகையே. ஆனால் அமெரிக்காவின் மேற்குக் கரையில் மக்கா விரிகுடாவின் பாறைகளில் இராபர்ட் பெயின் என்பார் 1963-ஆம் ஆண்டு தொடங்கிய சோதனையைக் காண்க. ஒரு பகுதிப் பாறையிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் ஓயாது பெயர்த்து எறிந்துவந்தார். அவற்றுக்கு இரையாகும் சிப்பிகள் தடையின்றிப் பெருகிப் பாறை முழுவதையும் மூடின. அவர் கணக்கிட்ட 15 வகை உயிர்கள் எட்டாகக் குறைந்தன. 1966-இல் வெளியான அவ்வாராய்ச்சி உயிரியலில் ஒரு புதுவழி திறந்தது. பகையென்று அகற்றப்பட்டதே ஏனையோர்க்கு இடம் தந்து காத்த காவலன் என்பது அதனால் தெளிவாயிற்று.

இவ்வளவு கூறியதனால் நட்சத்திர மீன் யாண்டும் நன்மையே செய்யும் என்று கொள்ளற்க. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் முள்முடி நட்சத்திர மீன் 1962-ஆம் ஆண்டளவில் கிரீன் தீவருகே பெருந்திரளாய்த் தோன்றியது முதல் மீண்டும் மீண்டும் படையெடுத்து வருகின்றது. 1985 முதல் 2012 வரை அத்திட்டில் உயிர்ப்பவளத்தின் பரப்பு ஏறக்குறைய பாதியாயிற்று என்றும், அவ்விழப்பில் நூற்றுக்கு 42 பங்கு இம்மீனால் நேர்ந்தது என்றும் ஆய்வாளர் கணக்கிட்டனர். ஆண்டும் அம்மீன் அயலானன்று, அக்கடலுக்கே உரியது. எண்ணிக்கை மிகுந்ததே கேடாயிற்று. ஓருயிர் நன்றா தீதா என்பது அதன் பெயரைக்கொண்டு துணியத்தக்கதன்று; எவ்விடத்தில், எத்துணை அளவில் உள்ளது என்பதைக் கொண்டே துணியத்தக்கது.

வீட்டுத் தொட்டியில் எண்ணிக்கை மிகுவது எதனால்? உணவு மிகுவதனால். மீனுக்கென்று நாம் இட்டு, மீன் உண்ணாது விட்ட உணவே பாசியாகி, பாசியே நட்சத்திர மீனாகின்றது. பிள்ளை நாள்தோறும் மும்முறை இரையிட்டு வந்தான். ஒருமுறையாகக் குறைத்து, அதுவும் மீன் உண்டு முடிக்கும் அளவே இடச் செய்தேன். இரவுதோறும் கண்ணாடியிற் கண்டவற்றை இடுக்கியால் எடுத்தோம். ஆறு வாரத்தில் கூட்டம் குறைந்து நான்கைந்தாகி, அவ்வளவில் நின்றது. அவை பெருகியமைக்குக் காரணம் எங்கள் கைதானே?

இரண்டாங் கட்சி இறாலைப் பற்றியது. ஹைமெனோசிரா என்னும் அவ்விறால் இரண்டங்குல அளவினது. வெண்மேனியில் வண்ணத் திட்டுக்கள் தீட்டியதுபோல் மிக அழகியது. இணையாய் வாழ்ந்து, தம்மினும் பெரிய நட்சத்திர மீனையும் மல்லாக்கப் புரட்டி, குழாய்க்கால்களிலிருந்து தின்னத் தொடங்கும். அது தொட்டியைத் துடைத்துவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் துடைத்தபின் அது எதனை உண்ணும்? அதற்கு நட்சத்திர மீனன்றி வேறுணவு இல்லை. தொட்டியில் அவை தீர்ந்தபின் வளர்ப்போன் மேலும் மேலும் நட்சத்திர மீன்களை விலைக்கு வாங்கி இடல் வேண்டும். இன்றேல் இறால் பசியால் மாயும். ஒரு தொல்லையைத் தீர்க்க வாங்கியது கடலிலிருந்து பல உயிர்களைத் தொடர்ந்து எடுக்கும் தேவையாய் மாறும். வாழ்நாள் முழுதும் அதற்கு உணவளிக்க இயலாதவன், அல்லது பணி முடிந்தபின் அதனை ஏற்க மற்றொரு வளர்ப்போனை முன்னரே தேடிவைக்காதவன், அதனை வாங்குதல் தகாது. கை நனையாமற் காரியம் முடியும் என்பது உண்மையன்று. பிறிதொன்றின் கையை நனைப்பதே அது. செம்பு கலந்த மருந்துகளை ஊற்றுவோரும் உளர். செம்பு நட்சத்திர மீனை மட்டும் தேடிச் செல்லாது. இறால், நத்தை, பவளம் ஆகிய முதுகெலும்பற்றன யாவற்றையும் அழித்துவிடும்.

எஞ்சியது ஆச்சியின் கட்சி. மூன்றனுள் நெஞ்சைத் தொடுவது இதுவே. மூன்றனுள் கேடு மிக்கதும் இதுவே என்று சொல்ல நேர்வது எனக்கு வருத்தம் தருகின்றது. அவர்களுடைய உள்ளத்தில் இருந்தது தூய இரக்கம். ஓருயிரைக் கொல்லாது அதன் பிறப்பிடத்தில் விடுவது அறமன்றி வேறென்ன என்று நம்மிற் பெரும்பாலோரும் கேட்பர். ஆனால் இங்கே பிறப்பிடம் எது? கல் எக்கடலினது என்பது வணிகர்க்கே தெரியாது; அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. நீர் உவர்ப்பதனால் எல்லாக் கடலும் ஒரு கடலாகிவிடுமோ?

நட்சத்திர மீன் ஒளிந்து சென்ற வரலாறே ஒன்று உண்டு. ஜப்பான், கொரியா முதலிய வடகடல்களுக்குரிய ஆஸ்டிரியாஸ் என்னும் வகை, கப்பல்கள் நிலைபெற ஏற்றிச்செல்லும் நீரோடு சென்றதாகக் கருதப்படுகின்றது. 1986-ஆம் ஆண்டு டாஸ்மேனியாவின் டெர்வென்ட் கழிமுகத்தில் அதனை எடுத்தவர் உள்ளூர் வகையென்றே எண்ணினர். அயலது என்று தெளிய 1992 ஆயிற்று. 1995-இல் அது மெல்போர்ன் நகரையடுத்த போர்ட் பிலிப் விரிகுடாவை எட்டியது. ஒரு பெண்மீன் ஓராண்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. டெர்வென்டில் மட்டுமே பெரும்பாலும் எஞ்சியிருந்த புள்ளிக் கைமீன் என்னும் அரிய மீன், தன் முட்டைகளைச் சுற்றிவைக்கும் சிற்றுயிர்களை இப்புதியவன் தின்றுவிட, மேலும் அருகிப்போயிற்று. இன்றுவரை அக்கடலிலிருந்து அதனை முற்றும் அகற்ற முடியவில்லை.

அது கப்பலால் நேர்ந்தது, வீட்டுத் தொட்டியால் என்ன நேரும் என்று கேட்பார்க்கு மூன்று சான்றுகள் காட்டலாம். மொனாக்கோவின் கடற்காட்சிசாலைக்குக் கீழே 1984-இல் காலெர்ப்பா என்னும் அழகுப்பாசி ஒரு சதுர மீட்டர் அளவே காணப்பட்டது. பின்னர் அது பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளின் கரைவரை பரவிக் கடற்புல்வெளிகளை மூடியது. அதே பாசி 2000-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் உப்பங்கழி ஒன்றில் தோன்றியபோது, அதனை அழித்து முடிக்க ஆறாண்டும் எழுபது இலட்சம் டாலருக்கு மேலும் ஆயின. நம் கடலுக்குரிய சிங்கமீன் 1985-இல் பிளாரிடாக் கரையில் முதன்முதற் காணப்பட்டது. வளர்ப்போர் விட்ட சில மீன்களே அதன் மூலம் என்பர். இன்று கரிபியன் கடல் எங்கும் அது நிறைந்து, ஆங்குள்ள குஞ்சுமீன்களை விழுங்கி வருகின்றது. நம்மிடத்தில் அடக்கமாய் வாழும் மீன் அங்கே கொள்ளைக்காரனாயிற்று.

அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதுமில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டுக் கப்பாபைக்கஸ் என்னும் பாசியை 1990-களின் நடுவில் மண்டபத்தை ஒட்டிய கடலில் வளர்ப்பிற்கெனக் கொணர்ந்தனர். மீனவப் பெண்கள் பலர்க்கு அதனால் வருவாயும் கிடைத்தது. ஆயினும் 2008-இல் குருசடைத் தீவின் பவளங்கள்மீது அது போர்வைபோற் படர்ந்ததை ஆய்வாளர் வெளியிட்டனர். எண்ணூர், பழவேற்காடு நீர்நிலைகளில் தென் அமெரிக்கச் சிப்பியொன்று பெருகித் தரையை மூடுகின்றது. இறால் பிடிப்பைக் கெடுக்கும் அதற்கு மீனவர் காக்கா ஆழி என்று பெயரிட்டுள்ளனர். நிலத்திலே சான்று வேண்டின், குதிரைமொழித் தேரியைச் சுற்றியும் நம் சாலைகளின் இருமருங்கும் நெருங்கி நிற்கும் சீமை உடையைப் பாருங்கள். தாமிரபரணிக் கால்வாய்களை அடைக்கும் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். முன்னது விறகுக்கென்றும் பின்னது பூவின் அழகுக்கென்றும் இந்நாட்டிற்குக் கொணரப்பட்டவை. கொணர்ந்தவர் எவரும் தீங்கு எண்ணவில்லை.

ஒரு தடை எழலாம்: கல் நம் மன்னார் வளைகுடாவிலிருந்தே எடுக்கப்பட்டதென்று தெரிந்தால், திருப்பி விடுவதிற் குற்றமென்ன? குற்றமுண்டு. தொட்டியில் அது தனித்து வாழவில்லை. பல கடல்களிலிருந்து வந்த மீனோடும் பவளத்தோடும் ஒரே நீரிற் கிடந்தது. அவற்றின் நோய்க்கிருமிகள் அதன் உடலில் ஏறியிருக்கலாம். அவை கண்ணுக்குப் புலப்படா. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் 2013 முதல் நட்சத்திர மீன்கள் கைகள் கழன்று கூழாய்க் கரைந்து கோடிக்கணக்கில் மடிந்தன. சூரியகாந்தி நட்சத்திரம் என்னும் பெருவகையில் இந்நோயைத் தருவது ஒரு நுண்கிருமி என்று 2025-ஆம் ஆண்டிலேதான் உறுதியாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் அறிஞர் பலர் தேடியும் அகப்படாத கிருமியை, ஒரு செம்பு நீரில் நாம் காண்பது எங்ஙனம்? அமாவாசையன்று பாறைக்குழியில் எடுத்த உயிரை அக்கணமே அக்குழியில் விடுதல் நன்று. தொட்டியில் ஒருநாள் தங்கியதையும் கடலில் விடுதலாகாது.

இதனை ஆச்சியிடம் எவ்வாறு சொல்வதென்று தயங்கினேன். சீமை உடையின் கதையைச் சொன்னவுடன் அவர்களே புரிந்துகொண்டார்கள். அம்முள்ளால் தரிசாய்ப்போன நிலம் அவர்களுடைய பிறந்தகத்தில் உண்டு. ஆனால் கொல்வதற்கு மட்டும் உடன்படவில்லை. எனவே பிடித்தவற்றைப் பெருந்தொட்டியின் கீழுள்ள சிறு வடிதொட்டியில் இட்டோம். ஆங்கு அவை படலத்தை உண்டு வாழ்கின்றன, பவளத்துக்கும் தீங்கில்லை, கடலுக்கும் தீங்கில்லை. நாள்தோறும் நீரைக் கவனிக்கும் வேலை பிள்ளைக்கு மிகுந்தது. அதுவே முறை என்பேன். இரக்கம் காட்டுவோன் அதன் பளுவைத் தானே சுமத்தல் வேண்டும். செம்பில் எடுத்துக் கடலில் ஊற்றுபவன் அப்பளுவைக் கடலின்மீதும், அதனை நம்பி வாழும் அமலிநகர், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை மீனவர்மீதும் ஏற்றிவிட்டு, புண்ணியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போகின்றான்.

இடமில்லாதோர் கொன்றே தீரவேண்டுமாயின், வெட்டாமலும் நசுக்காமலும் நன்னீரில் இடலாம். உப்பின்றி அவை பிழையா. பின்னர் மண்ணிற் புதைத்தல் வேண்டும்; சாக்கடையில் எறியலாகாது. தொட்டியிலிருந்து மாற்றும் நீரையும் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒருநாள் வைத்தபின்னரே, கடலுக்கும் கால்வாய்க்கும் செல்லாத குழியில் ஊற்றவேண்டும். நூல்போல் மெலிந்த நீண்ட கைகளும் நடுவில் சிறு வட்டும் உடைய நொறுங்கு நட்சத்திரங்கள் வந்திருப்பின் அவற்றை விட்டுவைக்கலாம். அச்சிறு வகைகள் எஞ்சிய உணவைத் துடைக்கும் நல்ல தோட்டிகள்.

இவையெல்லாம் வந்தபின் காக்கும் வழிகள். வருமுன் காக்கும் வழி ஒன்றே: உயிர் படிந்த கல்லை வாங்காதிருத்தல். இதனைப் பிறர் கூறுவதினும் நாம் கூறுதற்கு உரிமையும் கடமையும் மிகுதி. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைக் கொண்ட கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாயிற்று. கன்னியாகுமரி வரை நீளும் 10,500 சதுர கிலோமீட்டர் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. நம் திருச்செந்தூர்க் கடலும் அவ்வெல்லைக்கு உட்பட்டதே. இக்கடலில் 117 வகைப் பவளங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. ஆயினும் பல்லாண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வண்டி வண்டியாய் வெட்டியெடுத்தோம். அரண்போல் நின்ற பாறை போனபின் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. இன்று 21 தீவுகள் என்று எண்ணுகின்றோம். நீருக்குமேல் நிற்பவை 19.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் கற்பவளங்கள் யாவும் புலிக்கும் யானைக்கும் ஒப்ப முதல் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளன. உயிருள்ளதாயினும் உலர்ந்ததாயினும் எடுத்தலும் விற்றலும் குற்றமாகும். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் கடலடியிற் பவளக் கிளைகளைப் பதியவைத்து வளர்த்து வருகின்றனர். ஒருபுறம் அறிஞர் மூழ்கிச் சாண் சாணாய் நடுவதும், மறுபுறம் கூடத்து அழகுக்கென்று நாம் பெயர்த்தெடுப்பதும் ஒரே கரையில் நடக்கத் தகுமோ?

கல் வேண்டுவோர்க்குச் சுட்ட மண்ணாலும் சுண்ணக் கலவையாலும் செய்த கற்கள் கிடைக்கின்றன. அவை பதப்பட நாட்செல்லும் என்பது மெய்யே. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்கிருமிகள் கல்லிற் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். சில வேளை மிகுதியும் ஆகலாம். அவ்வளவு பொறுமையில்லாதவன் கடலை வீட்டில் வளர்க்கப் புகுவதே தவறு.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரி கடலுக்கு அண்மையிலுள்ள நாட்டிற்கு உரியது. நம்மிற் பலர் பரவர் குடியிலும் கடலோர ஊர்களிலும் பிறந்தவர்கள். இனி உங்கள் வீட்டுத் தொட்டியிலோ நண்பர் தொட்டியிலோ அழையாத உயிரொன்று தோன்றின், அதனை ஒரு சாடியில் இட்டு, வந்த நாளும் கல் வாங்கிய விவரமும் எழுதி, நம் விலங்கியல் துறைக்குக் கொணர வேண்டுகின்றேன். ஆசிரியப் பெருமக்கள் அவற்றை இனங்கண்டு ஓர் ஏட்டிற் பதிந்துவைப்பாராயின், சில ஆண்டுகளில் நம் பக்கத்து வீடுகளுக்குள் எவ்வெக் கடலின் உயிர்கள் வந்து சேர்கின்றன என்பதை உணர்த்தும் பயனுள்ள பதிவாகும்.

எங்கள் வீட்டுப் பிள்ளை அவ்வேலையைத் தொடங்கிவிட்டான். சென்ற அமாவாசையன்று கடல் உள்வாங்கியிருந்தபோது, பாறைக்குழியில் ஒரு நட்சத்திர மீனைக் கண்டு சிறுவர் சிலர் புட்டியில் அடைக்க முயன்றனர். அவன் அருகே சென்று, அதனைக் கையில் எடுத்துக் குழாய்க்கால்கள் அசைவதைக் காட்டி, எடுத்த குழியிலேயே விடச் செய்தான். நானும் ஆச்சியும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். "இதை மட்டும் கடலில் விடலாமாக்கும்?" என்று ஆச்சி கேட்டார்கள். ஆம், இதன் வீடு இதுவே என்றேன்.